லேபிள் கதவைத் தட்டுமுன்

சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்து, ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு எஃப்.எல். ஸ்டுடியோவில் பீட் போடுகிற பிள்ளைகள் ஆரம்பாக்கத்திலும் எளாவூரிலும் கவரைப்பேட்டையிலும் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவன், பிறகு மிக்ஸிங் பக்கம் போனவன் என்பதால் என்னிடம் கொண்டுவந்து போட்டுக் காட்டுவார்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: “பெரியப்பா, ஒரு லேபிள் எடுத்துக்கிட்டா பாட்டு பிச்சுக்கும் இல்ல?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன். தம்பி என்று நான் எழுதுவது தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான்.

1. லேபிள் என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்.

பாட்டை ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் ஏற்றுவதற்கு லேபிள் தேவையே இல்லை. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி விநியோக நிறுவனத்துக்குப் பணம் கட்டினால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி உலகம் பூராவும் ஏற்றிவிடலாம். ஏற்றியதை யார் கேட்பார்கள்? அங்கேதான் லேபிள் வருகிறது. கேசட் காலத்தில் கடைக்கு வந்தவர்கள் அட்டையைத் திருப்பி எக்கோவா, இன்ரிகோவா என்று பார்ப்பார்கள். உள்ளே இருக்கிற பாட்டைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். கம்பெனி பெயரைப் பார்த்தே கையில் எடுப்பார்கள். இன்றைக்கு டெல்லியில் கோஹ்ரா நடத்தும் கிலா ரெக்கார்ட்ஸ் ஒரு டெக்னோ ட்ராக்கை வெளியிட்டால், அதைச் செய்தவன் யாரென்றே தெரியாத டிஜேகூட ஒருமுறை திறந்து கேட்பார். ஊருக்குப் புதிதாக வந்தவனை மளிகைக் கடைக்குக் கூட்டிப்போய், “நம்ம பையன்தான், கணக்கு எழுதிக்குங்க” என்று சொல்லிவிடுகிற பெரிய மனுஷன் மாதிரிதான் லேபிள். அவர் பெயரில் உனக்குக் கடன் கிடைக்கும். கணக்கை யார் தீர்ப்பது, எப்படித் தீர்ப்பது என்பதை எட்டாவதில் சொல்கிறேன்.

2. சின்ன லேபிளை இளப்பமாக நினைக்காதே.

நம் இனத்துப் பெண் ஒருத்தியின் கதை இது. எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவம் கழித்து, போர் முற்றியதும் திரும்ப லண்டனுக்கே அகதியாகப் போனவர். அவர் இசை செய்யத் தொடங்கியது ரோலண்ட் எம்.சி.505 என்கிற ஒற்றைப் பெட்டியில். நீ கம்ப்யூட்டரில் இன்றைக்குச் செய்வதில் கால்வாசிகூட அதில் முடியாது. அதில் பிறந்த ‘கலாங்’ பாட்டை 2003இல் ஷோபிஸ் என்கிற குட்டி லேபிள் வெளியிட்டது. எத்தனை பிரதி தெரியுமா? 500 வினைல் தட்டுகள். நம் ஊர்க் கல்யாணத்துக்கு அடிக்கிற பத்திரிகைகூட அதைவிட அதிகம். ஆனால் அந்த 500ம் போகவேண்டிய கைகளுக்குப் போயின. கிளப்பில் தட்டு சுழற்றுகிறவர்கள் போட்டார்கள், கேட்டவர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் கோப்பாக அனுப்பிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் என்கிற பெரிய லேபிள் அவரை ஒப்பந்தம் செய்தது. 2005இல் அப்பா பெயரில் ‘அருளர்’ ஆல்பம் வந்தது; பிரிட்டனின் மெர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம் பிடித்தது. 2007இல் அம்மா பெயரில் வந்த ‘கலா’வுக்காக அவர் சென்னைக்கே வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டு போனார். திருவிழாவில் நீயும் நானும் கேட்டு வளர்ந்த உறுமி, எக்ஸ்.எல். முத்திரையோடு உலக நடன அரங்குகளில் ஒலித்தது.

இதில் ஷோபிஸின் பங்கை விட்டுவிடாதே. பெரிய லேபிளுக்கு ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். ஏற்கெனவே நாலு டிஜே பெட்டியில் ஏறிய பாட்டைத்தான் அது திரும்பிப் பார்க்கும். அந்த நாலு பெட்டியில் ஏற்றிவிடுவது சின்ன லேபிளின் வேலை. நூறு பேர் மட்டுமே பின்தொடர்கிற லேபிள் என்றாலும், அந்த நூறில் முப்பது பேர் டிஜே என்றால் போய்ச் சேர். லட்சம் பேர் தொடர்கிறார்கள், எல்லாரும் மீம் பார்க்க வந்தவர்கள் என்றால் உனக்கு அங்கே வேலை இல்லை.

3. நம் இசைக்கு முதல் ரசிகன் டிஜே.

சினிமாப் பாட்டுக்கு டீசர், டிரெய்லர், ஹீரோ முகம் எல்லாம் இருக்கிறது. முகமில்லாத மின்னணு இசையை டிஜே போட்டுத்தான் ஜனம் அறியும். சிகாகோவில் ஃப்யூச்சர் என்கிற மூன்று பையன்கள் ரோலண்ட் டி.பி.303 பெட்டியைக் குடைந்து ஒரு விசித்திர ட்ராக் செய்து, கேசட்டில் ரான் ஹார்டி என்கிற டிஜேவிடம் கொடுத்தார்கள். அவர் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் முதல்முறை போட்டபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் தளத்தை விட்டு நகர்ந்தார்கள். அவர் விடவில்லை. அதே இரவில் நான்கு முறை போட்டார். நான்காவது முறை கூட்டம் வெறிபிடித்து ஆடியது. வெளிவருவதற்கு முன்பே ஊரில் அதற்குப் பெயர் ‘ரான் ஹார்டியின் ஆசிட் ட்ராக்’. டிராக்ஸ் லேபிள் 1987இல் அதை ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்று தட்டாக வெளியிட்டபோது கேட்க ஜனம் தயாராக இருந்தது.

இன்றைக்கும் லேபிளின் முதல் வேலை இதேதான். வெளியீட்டுத் தேதிக்குச் சில வாரம் முன்பே, தன்னிடம் இருக்கும் டிஜே பட்டியலுக்கும் ஆன்லைன் வானொலி நடத்துகிறவர்களுக்கும் ரகசிய லிங்க் அனுப்பும். “கேட்டீர்களா, செட்டில் போடுவீர்களா” என்று ஒரு வரி கருத்துக் கேட்டு வாங்கும். பெயர் உள்ள ஒருவர் “போடுகிறேன்” என்று எழுதிவிட்டால், அந்த வரியை வைத்தே அடுத்தவரிடம் பேசும். டெல்லி பாக்ஸ்அவுட் எஃப்.எம். போன்ற ஆன்லைன் வானொலியில் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு நடுவில் உன் ட்ராக் வந்தால், அது நீ இன்ஸ்டாகிராமில் போடும் பத்து ரீல்ஸுக்குச் சமம் என்பது என் கணக்கு.

டிஜேவுக்கு அனுப்புகிற ட்ராக்குக்குத் தலையிலும் வாலிலும் வெறும் தாளம் 16 பார், 32 பார் இருக்கட்டும். முந்தைய பாட்டோடு கோத்து எடுக்க அவருக்கு இடம் வேண்டும். மூன்று நிமிட ஸ்ட்ரீமிங் வடிவம் தனி, இந்த நீள மிக்ஸ் தனி. இரண்டையும் வேவ் கோப்பாக வைத்துக்கொள். எம்.பி.3யில் மாஸ்டர் வைத்திருக்கிறேன் என்று என்னிடம் வந்து நிற்காதே.

4. லேபிளுக்கு எழுதுமுன் அதன் கடைசி ஐந்து வெளியீட்டையாவது முழுசாகக் கேள்.

டெக்னோ லேபிளுக்குக் கானா பீட் அனுப்புகிறவனுக்குப் பதில் வராது, வராதது நியாயம். இரண்டு ட்ராக், அதிகம் போனால் மூன்று, தனி லிங்க்கில். கூடவே நாலு வரி போதும். “உங்கள் லேபிளில் வர ஆசை” என்பதைவிட, “போன வருஷம் நீங்கள் வெளியிட்ட இன்ன ட்ராக்குக்குப் பிறகு என் பாட்டைப் போட்டால் பொருந்தும்” என்று எழுது. நாற்பது லேபிளுக்கு ஒரே மெயிலில் காப்பி போட்டு அனுப்புகிற பழக்கத்தை இன்றோடு விடு.

5. ஒலி உன்னுடையதாக இருக்கட்டும்.

நம் பக்கம் ‘டிஜே ரீமிக்ஸ்’ என்றாலே சினிமாப் பாட்டை எடுத்து, வேகம் கூட்டி, சைரன் ஒலியைச் செருகி, யூடியூபில் போடுவது என்று ஆகிவிட்டது. திருவிழா சவுண்ட் செட்டில் அது ஓடும். எந்த லேபிளும் அதைத் தொடாது. அந்தப் பாட்டின் உரிமை சோனியிடமோ சரிகமவிடமோ திங்க் மியூசிக்கிடமோ இருக்கும். வெளியிட்ட அன்றே உரிமைகோரல் வந்து விழும்.

இதைவிட நுட்பமான கண்ணி ஒன்று இருக்கிறது. மாதச் சந்தா கட்டி எடுக்கிற ரெடிமேட் லூப்பைப் பயன்படுத்துவது சட்டப்படி சரிதான். ஆனால் அதே லூப்பை உலகத்தில் ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள். லேபிள் உன் ட்ராக்கை யூடியூபின் கன்டென்ட் ஐ.டி.யில் பதிந்தால், அந்த ஆயிரம் பேரின் வீடியோ மேல் உன் பெயரில் கோரிக்கை போகும். அவர்கள் சண்டைக்கு வருவார்கள், கடைசியில் உன் ட்ராக்கையே இறக்குவார்கள். அதனால் எந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு ட்ராக்குக்கும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வை. லேபிள் கேட்கும்.

சொந்த ஒலிக்கு நமக்கா பஞ்சம்? லெவல் கிராசிங்கில் நின்றால் கூட்ஸ் வண்டி தண்டவாள இடைவெளியைத் தாண்டும் தாளம். பழவேற்காடு ஏரிப் பக்கம் போனால் படகு மோட்டார். வேலை செய்கிற கம்பெனிக்குள் பிரஸ் மெஷின் சத்தத்தைப் பதிவு செய்ய ஆசை இருந்தால் அனுமதி கேட்டுவிட்டுச் செய். போனைக் கொண்டுபோய் வேலையை இழக்காதே.

6. நாள்காட்டியை லேபிளிடம் விடு. ஆனால் நீயும் படித்து வை.

பாட்டு முடிந்த ராத்திரியே வெளியிடத் துடிக்கிறாய் பார், அந்தத் துடிப்புக்குக் கடிவாளம் போடுவது லேபிள் செய்யும் பெரிய உதவிகளில் ஒன்று. ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் ஆசிரியர்கள் பார்வைக்கு வைக்க வேண்டுமானால் பாட்டு இன்னும் வெளிவந்திருக்கக் கூடாது. வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு விண்ணப்பித்தால்தான் உன்னைப் பின்தொடர்கிறவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் அந்தப் பாட்டு சேரும். லேபிள்கள் இதற்கு மாதக் கணக்கில் அவகாசம் வைத்துக்கொள்ளும். இன்னொன்று: 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு உரிமைத்தொகை தருவதில்லை. தனியாக ஏற்றி, மாமா பையனும் சித்தி பெண்ணும் மட்டும் கேட்கிற பாட்டுக்கு அங்கே சல்லிக் காசு கிடையாது.

பீட்போர்ட் கதை வேறு. 2004இலிருந்து டிஜேக்கள் பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிற கடை அது. வகைக்கு வகை விற்பனைப் பட்டியல் போடும்; அதில் ஏறினால் மற்ற டிஜே கண்ணில் படும். அங்கே தனி ஆளாக நீ நேரே போய் ஏற்ற முடியாது. லேபிள் பெயரில், விநியோகஸ்தர் வழியாகத்தான் சரக்குப் போகவேண்டும். நடன இசைக்காரனுக்கு லேபிள் ஏன் என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒன்றே பதில்.

லேபிள் கிடைக்கும்வரை சும்மா இருக்காதே. பேண்ட்கேம்பில் நீயே கடை விரிக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உனக்கு.

7. உன்னிடம் காசு கேட்கிற ‘லேபிள்’ லேபிளே இல்லை.

“பத்தாயிரம் கட்டு, ஒரு லட்சம் ஸ்ட்ரீம் தருகிறோம்” என்று வாட்ஸப்பில் வந்தால் பிளாக் செய். அந்த ஒரு லட்சமும் மெஷின் காது. செயற்கை ஸ்ட்ரீம் என்று கண்டால் ஸ்பாட்டிஃபை கணக்கில் சேர்க்காது, பாட்டையும் தூக்கலாம். மோசடி பெரிதாக இருந்தால் 2024 முதல் விநியோகஸ்தரிடமே பாட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறது. அவர் அதை உன் தலையில் கட்டுவார். நம் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படிக் கட்டி இழந்தான். இரண்டு மாத ஓவர்டைம் சம்பளம்.

8. ஒப்பந்தத்தைப் படி. தூக்கம் வந்தாலும் படி.

சிகாகோக் கதையைச் சொன்னேனே, அந்த டிராக்ஸ் லேபிள் மேல் லாரி ஹெர்ட், ராபர்ட் ஓவன்ஸ் என்கிற இசைக்காரர்கள் இருவரும் 2020இல் வழக்குப் போட்டார்கள். எண்பதுகளில் வெளிவந்து உலகமே ஆடிய பாட்டுகளுக்கு உரிமைத்தொகை வரவில்லை என்பது புகார். 2022இல் சமரசமாகி, பாட்டு உரிமை அவர்கள் கைக்குத் திரும்பியது. கிட்டத்தட்ட 35 ஆண்டு கழித்து.

அமெரிக்கா வரை போக வேண்டாம். 2021 மார்ச் 7ஆம் தேதி மாஜா லேபிள் வெளியிட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’யைத் தெரியாத பிள்ளை உண்டா? தீயும் அறிவும் பாடியது, இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். சினிமாவுக்கு வெளியே ஒரு தமிழ்ப் பாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று காட்டியதில் லேபிளுக்குப் பங்கு உண்டு: சினிமாத் தரத்தில் வீடியோ, பெரிய பெயர்களின் ஆதரவு, பிரெஞ்சு டிஜே ஸ்னேக்கின் ரீமிக்ஸ் வரை. ரீமிக்ஸ் என்பது விளம்பரத்தில் கெட்டிக்காரத்தனமான வழி. ரீமிக்ஸ் செய்கிறவரின் ரசிகர் கூட்டம் முழுக்க உன் பாட்டைத் தொட்டுப் போகும். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை என்று பெரிய சர்ச்சை வந்தது. யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்று அடுத்த ஆண்டு பொதுவெளியில் அறிக்கைகள் பறந்தன. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டின் வருமானத்திலிருந்து தங்களுக்கு இதுவரை எதுவும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் கணக்குச் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. பாட்டு ஊர் ஊராகப் போவது ஒரு விஷயம், காசு வீட்டுக்கு வருவது வேறு விஷயம் என்று தெரிந்துகொண்டால் போதும். அவ்வளவு பெரிய பெயர்களுக்கே இந்த நிலை என்றால் ஆரம்பாக்கத்துப் பையன் எந்த மூலை?

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு. உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்தெந்த நாடு, எவ்வளவு தொகை என்று அதில் இருக்க வேண்டும். காலம் எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். நாடு எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசையமைத்தவனும் பாட்டெழுதியவனும் உரிமைத்தொகையில் தங்கள் சம பங்கை ஒரேயடியாகத் தாரை வார்த்துவிட முடியாதபடி பாதுகாப்பும் வந்திருக்கிறது.

ஆகவே “நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்” என்று ஒரு வரி கண்ணில் பட்டால் பேனாவைக் கீழே வை. உரிமையை முழுசாக விற்காமல் சில வருஷத்துக்கு உரிமம் மட்டும் கொடுக்கலாமா என்று கேள். சின்ன நடன லேபிள்களில் செலவு போகப் பாதிக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். அந்தச் ‘செலவு’ என்னென்ன என்று பட்டியல் கேள். மாஸ்டரிங் கட்டணம், அட்டைப்பட ஓவியருக்கு, விளம்பர ஏஜென்ஸிக்கு என்று ஏற்றிக்கொண்டே போனால் பாதி என்பது பூஜ்யத்தில் பாதி. ஆண்டுக்கு இரண்டு தடவையாவது கணக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதி வாங்கு.

9. லேபிள் இருந்தும் தூங்கிய பாட்டு உண்டு.

சரண்ஜித் சிங் என்று பம்பாயில் ஒரு ஸ்டுடியோ வாத்தியக்காரர். ஹிந்திப் படங்களுக்கு வாசித்தவர். 1982இல் டி.பி.303, டி.ஆர்.808, ஜூபிடர் 8 என்று மூன்று ரோலண்ட் பெட்டிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு செய்தார். அதே 303ஐக் குடைந்த சிகாகோப் பையன்களின் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ தட்டு வெளிவருவதற்கு ஐந்து ஆண்டு முன்பு. எச்.எம்.வி. முத்திரையோடுதான் வந்தது, நாட்டிலேயே அதைவிடப் பெரிய லேபிள் அன்றைக்கு இல்லை. விற்கவில்லை. அதை எந்த அலமாரியில் வைப்பது, யாரிடம் கொண்டுபோய்ப் போடுவது என்று அந்தப் பெரிய கம்பெனிக்குத் தெரியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 2010இல் பாம்பே கனெக்‌ஷன் என்கிற சின்ன டச்சு லேபிள் அதைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிட்டது. உலகப் பத்திரிகைகள் எழுதின. எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் போய் வாசித்தார். 2015இல் காலமானார்.

உன் பாட்டையும் ஒருநாள் யாராவது தேடி வரலாம், அதனால் ப்ராஜெக்ட் ஃபைல், தனித்தனி ட்ராக்குகள், மாஸ்டர் எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வை. ஒன்று உன் வீட்டில், மற்றது வேறு வீட்டில். லேபிள் தூங்கினால் உரிமை திரும்பி வரும்படி ஒரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

10. எல்லையில் இருப்பதை லாபமாக்கு.

தமிழ்நாட்டுப் பக்கம் கடைசி ஸ்டேஷன் நம் ஆரம்பாக்கம். அடுத்த ஸ்டேஷன் தடா, ஆந்திரா. டீக்கடையில் இரண்டு மொழியும் ஓடும், சிப்காட் விடுதிகளில் ஒடியாவும் போஜ்புரியும் கேட்கும். வார்த்தை இல்லாத பீட்டுக்கு மொழி வேலி கிடையாது. லேபிளுக்கு எழுதும்போது இதைச் சொல். ஞாயிற்றுக்கிழமை அறை நண்பர்களுக்கு நடுவில் பேர் சொல்லாமல் உன் ட்ராக்கைப் போட்டு, எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கவனி. ரீல்ஸுக்கு வெட்டித் தரவேண்டிய பதினைந்து விநாடி அதுதான். லேபிள்காரர் சென்னையிலோ பெர்லினிலோ உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க மாட்டார்.

11. பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் வை.

ஒரு பாட்டில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி எழுதினால் ஸ்ட்ரீமிங் தளம் உன்னை இரண்டு ஆளாக்கிவிடும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து எண் வரும்; விநியோகஸ்தரோ லேபிளோ தருவார்கள், குறித்து வை. லேபிள் மாறினாலும் அதே பதிவுக்கு அதே எண்தான் தொடர வேண்டும், இல்லாவிட்டால் சேர்த்துவைத்த ஸ்ட்ரீம் கணக்கு அறுந்துவிடும். மெட்டு உன்னுடையது என்றால் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் இசையமைப்பாளராகப் பதிவு செய். 1969இலிருந்து இருக்கிற அமைப்பு. ரேடியோ, டிவி, ஹோட்டல், ஸ்ட்ரீமிங்கில் உன் மெட்டு ஓடினால் வருகிற பங்கு லேபிள் கணக்கோடு கலக்காமல் தனியாக வரும்.

ஒப்பந்தத்தாள் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை என்னிடம் எடுத்து வா, தம்பி. ஞாயிறு காலையில் வீட்டில்தான் இருப்பேன். ஆங்கிலம் புரியவில்லை என்று வெட்கப்படாதே, சேர்ந்து படிப்போம். புரியாத இடத்துக்கு வக்கீலிடமும் போவோம்.